எழுத்து குழம்புவது கண்ணாலா? டிஸ்லெக்ஸியாவில் மூளையின் பார்வைப் பகுதி என்ன செய்கிறது

கேள்வி இதுதான். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஓர் அம்மா, நாலாம் வகுப்பு படிக்கும் மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் படுகு மொழி, பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், தமிழ் ஒரு பாடம். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவுகிறான், ஆங்கிலத்தின் சின்ன ‘பி’யும் (b) சின்ன ‘டி’யும் (d) மாறிப்போகின்றன, ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறான். கோயம்புத்தூரில் ஓர் இடத்தில் காட்டியதில், “பையனின் மூளை பார்வையைச் சரியாகக் கையாளவில்லை, அதுதான் டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடு, கலர் கண்ணாடியும் ஆறு மாதக் கண் பயிற்சியும் வேண்டும்” என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையா, பணம் கட்டலாமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள், இப்போதைக்கு. பச்சைத்தேயிலை விற்கிற விலையில் அந்தத் தொகை எத்தனை மாத வருமானம் என்று உங்களுக்கே தெரியும். நான் டாக்டர் இல்லை, இந்த மலையில் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்கிற சிறப்பாசிரியர். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை விற்கிறார்கள். மூளையின் பார்வைப் பகுதிக்கு டிஸ்லெக்ஸியாவில் பங்கு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பையனுக்கு எழுத்து கோணலாகவோ புரண்டோ தெரிகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. பார்த்த எழுத்தை அதன் ஒலியோடு சட்டென்று முடிச்சுப் போடுகிற வேலை ஒன்று அங்கே நடக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முடிச்சுதான் எளிதில் விழுவதில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு இன்னொருவர் வேறு ஒரு மெஷினைக் காட்டி இதையே சொல்வார்.

கண்ணையும் டிஸ்லெக்ஸியாவையும் சேர்த்துப் பேசுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1887-இல் இந்தப் பெயரை வைத்த ருடால்ஃப் பெர்லினே ஜெர்மனியில் கண் மருத்துவர்தான். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். நல்ல புத்திசாலி, கண் சரியாக இருக்கிறது, வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. உங்கள் பையனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட அதுதானே. மார்கன் இதற்குப் பிறவிச் சொற்குருடு என்று பேர் வைத்தார், கிளாஸ்கோவில் ஹின்ஷெல்வுட் என்ற கண் அறுவை மருத்துவர் அதை வளர்த்தெடுத்தார். அப்புறம் 1925-இல் அமெரிக்காவில் சாமுவேல் ஓர்டன், மூளையின் இரண்டு பாதிகளும் எழுத்தின் நேர் உருவத்தையும் கண்ணாடி உருவத்தையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன, எந்தப் பாதி முந்துவது என்று முடிவாகாததால்தான் பிள்ளைகள் திருப்பிப் படிக்கிறார்கள் என்றார். ஓர்டனின் விளக்கம் நிற்கவில்லை. ஆனால் ‘டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரியும்’ என்ற நம்பிக்கை மட்டும் ஊர் ஊராகப் பரவி, பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம் வரைக்கும் வந்துவிட்டது.

அதை உடைத்தவர் ஃபிராங்க் வெலுட்டினோ என்ற உளவியலாளர். 1970-களில் அவருடைய குழு செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளையும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, இரு தரப்புக்கும் துளியும் தெரியாத ஹீப்ரு எழுத்துகளைச் சிறிது நேரம் காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். பார்வையில்தான் கோளாறு என்றால் வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகள் இங்கே தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை, இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதினார்கள். இன்னொன்று, ஆங்கிலத்தில் ‘வாஸ்’ (was) என்ற சொல்லை ‘சா’ (saw) என்று திருப்பிப் படிக்கும் பிள்ளையிடம் அந்தச் சொல்லைப் பார்த்து எழுதச் சொன்னால் சரியான வரிசையில்தான் எழுதுவான். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது, எந்த உருவத்துக்கு எந்த ஒலி என்பதில்தான் வழுக்குகிறது.

சரி, ‘பி’, ‘டி’ ஏன் மாறுகிறது? இதில் நம் ஆட்களுக்கு ஒரு தனிக் கதையே இருக்கிறது. நம் மூளையின் பார்வைப் பகுதி இயல்பிலேயே இடம் வலம் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்கிற காட்டெருமை இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் அது காட்டெருமைதான், ‘இது வேறு, அது வேறு’ என்று யோசித்துக்கொண்டிருந்தால் முட்டு வாங்கவேண்டியதுதான். இந்தப் பழக்கத்தோடுதான் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வருகிறார்கள், அங்கே திடீரென்று ஒரே உருவம் வலப்பக்கம் வயிறு வைத்தால் ஒரு எழுத்து, இடப்பக்கம் வைத்தால் வேறு எழுத்து என்கிறார்கள். எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இதைச் சோதித்தார், 2003-இல் வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவர்கள் என்று மூன்று கூட்டத்துக்கும் கண்ணாடிப் பிம்ப உருவங்களைக் காட்டியபோது, தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் போலவே நேர் உருவத்தையும் திருப்பிய உருவத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் வித்தியாசத்தைப் பிடித்தார்கள். காரணம் எளிது, தமிழில் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும் எழுத்து ஜோடியே கிடையாது, அதைக் கவனிக்கவேண்டிய தேவை நம் எழுத்துக்கு வரவில்லை. ஆகவே ஏழு வயது வரைக்கும் ‘பி’, ‘டி’ மாறுவது எந்தப் பிள்ளைக்கும் சாதாரணம். உங்கள் பையன் ஒன்பது வயதில் இன்னும் மாற்றுகிறான் என்றால் அவன் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. தமிழில் அவன் எதையும் திருப்பி எழுதுவதில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், அங்கே மாறுவது ‘ண’வும் ‘ன’வும், ‘ல’வும் ‘ள’வும். பார்க்க அவை ஒன்றையொன்று திருப்பிப் போட்டதுபோல் இல்லை, காதுக்குத்தான் கிட்டக் கிட்ட இருக்கின்றன.

இனி மூளைக்குள் வருவோம். கண்ணிலிருந்து கிளம்பும் தகவல் நடுவில் தாலமஸ் என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் போட்டு, தலையின் பின்புறம் இருக்கும் பார்வைப் பகுதிக்குப் போகிறது. அங்கே கோடு, வளைவு, முனை என்று பிரிபடுகிறது. எழுத்தாக இருந்தால் அதன்பின் இடப்பக்கம், காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் ஓர் இடத்துக்குப் போகிறது. 2000-ஆம் ஆண்டில் பிரான்சில் லோரான் கோஹென், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் ஆகியோரின் குழு இதைச் சொல்லுருவப் பகுதி என்று அழைத்தது. கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் வேலையை முடித்துவிடும் இடம் இது. இதில் வேடிக்கை என்னவென்றால், எழுத்து என்பது மனிதனுக்குச் சில ஆயிரம் ஆண்டுப் பழக்கம்தான், அதற்கென்று பிறப்பிலேயே ஓர் இடம் மூளையில் இருக்க வாய்ப்பில்லை. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண்கிற பகுதியிலிருந்து ஒரு துண்டைப் படிப்பு பிடித்துக்கொள்கிறது. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களை வைத்து 2010-இல் வந்த ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த இடம் எழுத்தைக் கண்டு விழித்துக்கொள்ளவில்லை, வயதான பிறகு படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கும்கூட விழித்துக்கொண்டது. படிக்கப் படிக்க உருவாகும் இடம் என்பது இதற்கு அர்த்தம்.

அது மட்டுமில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் விரலால் பிரெயில் வாசிக்கும்போதும் இதே இடம்தான் வேலை செய்கிறது என்று 2011-இல் காட்டினார்கள். கண்ணே பயன்படாத வாசிப்புக்கும் இந்த இடம் வேண்டியிருக்கிறது என்றால் அதன் உண்மையான வேலை என்ன? பேச்சை நடத்தும் பகுதிகளோடு அதற்கு இருக்கும் தொடர்புதான் அதன் மதிப்பு. ஐந்து வயதில், இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் மூளையில் நரம்பு இணைப்புகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எட்டு வயதில் சொல்லுருவப் பகுதி எங்கே உருவாகும் என்று முன்கூட்டியே சொல்லமுடிந்தது, அது 2016-இல் வந்த வேலை. இணைப்பு முதலில், இடம் பிறகு.

டிஸ்லெக்ஸியா உள்ளவர்களை ஸ்கேனில் வாசிக்கவைத்தால் இந்த இடமும், இதற்கு மேலே ஒலியைக் கையாளும் இடப்பக்கப் பகுதிகளும் மந்தமாகத்தான் தெரிகின்றன. ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் பேசுகிறவர்களை ஒப்பிட்ட 2001 ஆய்வில் மூன்று மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான். இத்தாலியனில் எழுதியபடியே உச்சரிப்பு என்பதால் அங்கே பிழை குறைவு, ஆனாலும் வேகம் வராது. நம் தமிழுக்கும் இதைக் கவனத்தில் வையுங்கள். தமிழில் டிஸ்லெக்ஸியா பெரும்பாலும் தப்பாகப் படிப்பதைவிட மெதுவாகப் படிப்பதாகத்தான் வெளியே தெரியும், அதனால்தான் வகுப்பில் ‘சோம்பேறி’ என்ற பெயரோடு பல பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள், அல்லது மாட்டிக்கொள்கிறார்கள், எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம்.

உங்களிடம் கோயம்புத்தூரில் சொன்னதற்கு அடிப்படை எங்கே இருக்கிறது என்றால், மேக்னோ செல்கள் என்ற கதையில். தாலமஸில் அந்த நிறுத்தம் என்றேனே, அங்கே இரண்டு வகை அடுக்குகள் உண்டு. ஒன்று நிறத்தையும் நுணுக்கமான விவரத்தையும் கவனிக்கும், இன்னொன்று அசைவையும் சட்டென்று வரும் மாற்றத்தையும் கவனிக்கும் பெரிய செல்கள். 1991-இல் மார்கரெட் லிவிங்ஸ்டன் குழு, டிஸ்லெக்ஸியா இருந்து இறந்துபோன 5 பேரின் மூளையைப் பார்த்து, இந்தப் பெரிய செல்கள் வழக்கத்தைவிடச் சிறியவையாக இருப்பதாக எழுதியது. 1996-இல் கினிவியர் ஈடன் குழு, அசையும் புள்ளிகளைக் காட்டும்போது அசைவைக் கவனிக்கும் மூளைப்பகுதி டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு எழவில்லை என்று காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ஸ்டைன் இதையெல்லாம் கோத்து, கண் வரியில் நிலையாக நிற்க இந்தப் பாதை வேண்டும், அது பலவீனம் என்பதால்தான் எழுத்து ஆடுகிறது என்று ஒரு கொள்கையே கட்டினார். அழகான கொள்கை. கண் பயிற்சி விற்கிறவர்கள் எல்லோரும் கையில் பிடித்திருப்பது இதைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, முடிந்ததுபோல் சொல்வதுதான் தப்பு. அதே ஈடனின் குழு 2013-இல் திரும்ப வந்து ஒரு கேள்வி கேட்டது: அசைவுப் பகுதி மந்தமாக இருப்பதால் வாசிப்பு வரவில்லையா, வாசிப்பு வராததால் அசைவுப் பகுதி மந்தமாக இருக்கிறதா? டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளை அவர்கள் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருந்தது. அவர்களைவிட வயதில் சின்ன, ஆனால் அதே அளவு வாசிப்புள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் காணாமல் போயிற்று. அதற்கடுத்து அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் ஒலியும் சேர்ந்த வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள், கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. வாசிப்பு கூடியது, கூடவே அசைவுப் பகுதியின் வேலையும் கூடியது. அதாவது பார்வைப் பகுதியில் கண்ட மந்தத்தில் பெரும்பகுதி, குறைவாக வாசித்ததன் விளைவு. நீங்கள் யாரிடம் போனாலும், ஸ்கேன் படத்தையோ கண் அசைவு வரைபடத்தையோ நீட்டினால், இது காரணமா விளைவா என்று கேளுங்கள். கண் வரியில் தாவுவதும் அப்படித்தான். புரியாத இடத்தில் எல்லோருடைய கண்ணும் பின்னுக்குப் போகும், திரும்ப வரும், நின்று நிற்கும். நமக்குப் பழக்கமில்லாத சட்டப் பத்திரம் ஒன்றைக் கொடுத்தால் நம் கண்ணும் அதே ஆட்டம்தான் ஆடும்.

ஃபிராங்க் ராமுஸ் என்பவர் லண்டனில் 16 டிஸ்லெக்ஸியா மாணவர்களை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்தார், 2003-இல். ஒலியைப் பிரித்துக் கையாள்வதில் சிக்கல் 16 பேருக்கும் இருந்தது, கேட்பதில் சிக்கல் 10 பேருக்கு, உடல் இயக்கத்தில் 4 பேருக்கு, பார்வைப் பாதையில் வெறும் 2 பேருக்கு. கூட்டம் சின்னதுதான், ஆனால் ஒரே ஆளிடம் எல்லாச் சோதனையும் செய்தது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

கண் பரிசோதனையிலேயே ஏதாவது தெரியுமா என்றால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 5,822 பிள்ளைகளின் கண்ணைப் பலவிதமாகச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். தீவிர வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளிலும் சுமார் 80 சதவீதம் பேருக்கு ஒவ்வொரு சோதனையும் இயல்பாகவே வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009-இல் விட்ட கூட்டறிக்கையில் டிஸ்லெக்ஸியாவுக்குக் கண் பயிற்சியையோ கலர் கண்ணாடியையோ பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்று நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். கலர் கண்ணாடி 1983 முதல் ஹெலன் இர்லென் என்பவர் பேரில் சுற்றி வருகிறது. ஸ்காட்லாந்தில் 61 பள்ளிப் பிள்ளைகளை வைத்து 2011-இல் பார்த்தபோது, பிள்ளைக்கென்று ‘பொருத்தமாக’த் தேர்ந்தெடுத்த கலரும், வேறு கலரும், வெறும் தெளிவான தாளும் வாசிப்பு வேகத்தில் ஒரே பலனைத்தான் தந்தன. கண் இரண்டும் கிட்டத்தில் குவிய மறுக்கும் சிக்கல் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதற்குப் பயிற்சி உதவவும் செய்கிறது. ஆனால் அந்தச் சிக்கல் உள்ள 300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் 16 வாரம் முறையான பயிற்சியும் இன்னொரு கூட்டத்துக்குப் போலிப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்து 2019-இல் முடிவு வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வதில் இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் முன்னேறின. கண் வலி தீரலாம், வாசிப்பு அதனால் வந்துவிடாது.

இவ்வளவு சொன்னதால் பார்வைக்குப் பங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு விஷயங்களை நான் ஒதுக்கமாட்டேன். ஒன்று நெரிசல். ஓர எழுத்துகள் நடு எழுத்தை மறைப்பது நம் எல்லோருக்கும் உண்டு, நேர்ப்பார்வையிலிருந்து தள்ளிப்போகப் போக அது கூடும். டிஸ்லெக்ஸியா உள்ள பல பிள்ளைகளுக்கு இந்த நெரிசல் வழக்கத்தைவிட அதிகம். இத்தாலியப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் எழுத்துகளுக்கிடையே இடைவெளியை நன்றாகக் கூட்டி அச்சடித்துக் கொடுத்தபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே சரியாக வாசிப்பது சராசரியாக இரண்டு மடங்கானது, வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. 2012-இல் மார்கோ ட்ஸோர்ஸி குழு வெளியிட்டது. தமிழுக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம், ஏனென்றால் நம் சொற்கள் இரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும், ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதை ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளை எங்கே பிடித்து எங்கே விடுவது? டிஸ்லெக்ஸியாவுக்கென்று தனி எழுத்துரு விற்கிறார்கள், அதில் கிடைக்கும் நன்மையும் இடைவெளியால் வருவதுதான், காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை.

இன்னொன்று, ஒரே பார்வையில் எத்தனை எழுத்தை அள்ள முடிகிறது என்பது. கிரெனோபிளில் சில்வியான் வால்த்வா இதில் பல வருடமாக வேலை செய்கிறார். ஐந்து மெய்யெழுத்துகளை 200 மில்லி நொடி மட்டும் காட்டி, எவற்றைப் பார்த்தாய் என்று கேட்பார்கள். ஒலியில் சிக்கல் இல்லாத சில பிள்ளைகள் இதில் மட்டும் திணறுகிறார்கள். இவர்கள் ஒரு சிறு கூட்டம், ஆனால் நிஜமான கூட்டம். இங்கேயும் மருந்து கண்ணாடி இல்லை, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து வாசித்துப் பழகுவதுதான்.

தமிழ் எழுத்துக்கென்றும் சில தொல்லைகள் உண்டு. 247 எழுத்து என்பதைவிட எனக்குப் பெரிய தொல்லையாகத் தெரிவது, ‘கெ’, ‘கே’, ‘கை’ இவற்றில் கண்ணுக்கு முதலில் படும் கொம்பு காதுக்குக் கடைசியில் கேட்பது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது, நடுவில் இருப்பதை முதலில் சொல்லவேண்டும். கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் பார்த்ததில், இப்படி உயிர்மெய்யாகக் குறி சேர்த்து எழுதும் எழுத்து முழுவதும் பிடிபட நாலாம், ஐந்தாம் வகுப்பு வரை ஆகிறது, சாதாரணப் பிள்ளைகளுக்கே. நம் நாலாம் வகுப்புப் பிள்ளை ‘ஙௌ’வில் தடுக்கினால் பயப்படாதீர்கள். அப்புறம் நான் பள்ளிகளில் திரும்பத் திரும்பக் காண்பது: ‘க கா கி கீ’ என்று பாட்டாக ஒப்பித்துவிடுவார்கள், நடுவில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்றால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்துதான் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று பதிவேட்டில் டிக் விழுந்திருக்கும்.

உங்கள் வீட்டு விஷயத்தில் இன்னொரு முடிச்சு. படுகுக்குச் சொந்த எழுத்து வழக்கத்தில் இல்லை, பையன் இரண்டு எழுத்து முறைகளையும் வீட்டில் பேசாத மொழிகளில்தான் கற்றான். ஹட்டிப் பிள்ளைகள், தோடர், கோத்தர் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கம் பணியர் பிள்ளைகள், இவர்களில் பலர் ‘வாசிப்பு வரவில்லை’ என்று அனுப்பப்படுவது மொழி புரியாததால்தான். ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, படுகிலேயே அவனால் ஒலியைப் பிரிக்க முடிகிறதா என்பது. வீட்டு மொழியில் எல்லாம் சரளமாக, எழுத்தில் மட்டும் சிக்கல், அதுவும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் என்றால்தான் டிஸ்லெக்ஸியா சந்தேகம் வலுக்கும்.

செய்யவேண்டியது என்று நான் நினைப்பது: ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள், கண்ணில் மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் தூரத்து அட்டையைப் படிக்கவைத்துப் பார்ப்பதில் தூரம் தெரியாத கிட்டப்பார்வைக் குறை மாட்டும், கிட்டத்தில் பார்க்கச் சிரமப்படும் தூரப்பார்வைக் குறை பெரும்பாலும் மாட்டாது, அதுதான் புத்தகத்தில் தொல்லை தரும். காதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பவர் இருந்தால் கண்ணாடி போடுங்கள், கலர் இல்லாத கண்ணாடி. அதன்பின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள், தனியார் பள்ளிப் பிள்ளை என்று தயங்கவேண்டாம், வழியாவது சொல்வார்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, முறையான மதிப்பீடும் சான்றும் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை உண்டு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, பள்ளி நிர்வாகத்திடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் தினமும் கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும். ஒரு குறியை எடுங்கள், கொம்பு என்று வைத்துக்கொள்வோம். மெ, தெ, நெ, வெ என்று வெவ்வேறு எழுத்தில் அதை வைத்து, வரிசை மாற்றி மாற்றி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவையுங்கள், பிறகு அந்தக் குறி வரும் சின்னச் சொற்கள். ஆங்கிலத்தில் ‘பி’யையும் ‘டி’யையும் ஒரே நாளில் சொல்லித்தராதீர்கள், ஒன்று ஊறிய பிறகு மற்றது. பாடத்தைப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, வரிக்கு ஐந்தாறு சொல்லோடு தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னால் செய்வார். கதை, சமூக அறிவியல் எல்லாம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், வாசிக்க வராததால் விஷயம் தெரியாமல் போய்விடக்கூடாது.

அதற்கு முன், இந்த வாரம் அவனிடம் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள், விளையாட்டுப் போல, புத்தகம் இல்லாமல். ‘மரம்’ என்பதில் ‘ம’வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? ‘கல், பல், நாய்’ இதில் எது சேரவில்லை? ‘பல்’லில் முதல் சத்தத்தை மாற்றி ‘க்’ போட்டால் என்ன வரும்? இதே மாதிரி படுகுச் சொற்களிலும் கேளுங்கள், உங்களுக்குத்தான் தெரியும் எந்தச் சொல் எடுப்பது என்று. பிறகு ‘தெமுகாலி’, ‘நொபிசை’ என்று அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக்காட்டி வாசிக்கச் சொல்லுங்கள், கடைசியாக நீங்களே அந்தச் சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதில் தடுமாறினான், எவ்வளவு நேரம் எடுத்தான், என்ன பதில் சொன்னான் என்று அப்படியே குறித்து அனுப்புங்கள். எந்தக் குறியிலிருந்து தொடங்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.